நூலக வரியும் லைன் வீடும்

ஓசூரில் வசூலாகும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டிய பணம் அது. ரசீதில் வீட்டு உரிமையாளரின் பெயர் மட்டுமே இருக்கும். ஆனால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் அந்தத் தொகையும் வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களும், தேன்கனிக்கோட்டை மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களும் தங்களுக்குத் தெரியாமலேயே நூலகத்துக்குப் பணம் கொடுத்துவருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த நூலகத்தின் கதவு திறக்கிறதா என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

இந்த வரிக்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, வேறு எந்த மாகாணத்துக்கும் முன்பாக, சென்னை மாகாணம் அதை இயற்றியது. அன்று கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்துக்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் இருபதாண்டு உழைப்பு இருந்தது. நூலகம் யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல, வரி செலுத்தும் குடிகளின் உரிமை என்பதே சட்டத்தின் உள்ளம். ஏழைகள் வாழும் பகுதியில் நூலகம் தொடங்குகிறோம் என்று புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகங்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். பழைய நோட்ஸும் காலாவதியான பொது அறிவுக் கையேடுகளும் நிறைந்த அலமாரியை ஒரு பிள்ளை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காது. எந்த உள்ளாட்சியில் எவ்வளவு நூலக வரி வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். பகுதி நூலகம் தொடங்க நினைப்பவர்கள் நன்கொடைப் பெட்டி வைக்கும் முன் அந்த மனுவை எழுதட்டும்.

ஓசூரில் நூலகம் யாருக்குத் தேவை என்பதை அறிய, ஊர் வளர்ந்த விதத்தைப் பார்க்கவேண்டும். தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் உருவானது. அதன் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளில் ஓசூரும் ஒன்று. 1980இல் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டு லாரியும் இங்கிருந்து புறப்பட்டன, பிறகு டைட்டன் கடிகாரங்கள் வந்தன. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டரும், ஓசூரை அடுத்த கிராமங்களில் கைபேசி உதிரிபாகங்களும் உருவாகின்றன. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று, 2019 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. எழுத்தறிவு மட்டும் இந்த வேகத்தோடு வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, கிருஷ்ணகிரியில் 71.46. பெண்களை மட்டும் எடுத்தால் 64 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

காரணம் ஒன்றும் மறைபொருள் அல்ல. ஆலைகளுக்குப் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்கள் மாநிலத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தார்கள். தளி, கெலமங்கலம் ஒன்றியங்களின் ஊர்களுக்குக் கிடைத்தது கட்டட வேலை, கல் குவாரி, செங்கல் சூளை, ரோஜாத் தோட்டம். எழுத்து தெரியாமலே செய்யக்கூடிய வேலைகள், எழுத்து தெரியாதவர்கள் கையிலேயே தலைமுறையாகத் தங்கிவிட்டன.

இன்னொரு நிலைமையும் இங்கே உண்டு. எல்லையோர ஊர்களான பாகலூர், பேரிகை, தளி, வேப்பனப்பள்ளியில் ஒரே தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் கேட்கும். பல பெரியவர்கள் நான்கையும் பேசுவார்கள், ஒன்றிலும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. அவர்களுக்கு மொழி வறுமை இல்லை, எழுத்துதான் கிடைக்கவில்லை. இதற்கு மேல் இப்போது இந்தி, ஒடியா, வங்கம் பேசும் குடும்பங்களும் வந்திருக்கின்றன. அரசு நடத்தும் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகள் ஓசூர்ப் பகுதியில் உண்டு. 2006இல் இயற்றிய தமிழ் கற்றல் சட்டம் அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. முதல் அணி 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வந்தபோது, சிறுபான்மை மொழி மாணவர்களுக்கு விலக்குக் கேட்டு வழக்குகள் எழுந்தன.

இந்த மண்ணில் வாழும் பிள்ளைகள் எல்லாரும் தமிழ் எழுதப் படிக்கக் கற்கவேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. பேருந்துப் பலகையும் மருந்துச் சீட்டும் சம்பளச் சீட்டும் அந்த எழுத்தோடுதான் அவர்கள் வாழ்க்கைக்குள் வருகின்றன. ஆனால் வீட்டில் தெலுங்கு பேசும் ஐந்து வயதுக் குழந்தை பள்ளியில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. எழுத்து என்றால் என்னவென்று கற்கிறது, கூடவே அறியாத மொழியையும் கற்கிறது. எழுத்துக்கூட்டி ஒரு சொல்லை ஒலித்துவிட்டாலும், அந்த ஒலிக்குள் அதன் வீட்டுப் பொருள் எதுவும் இல்லை. படிக்கத் தெரிந்தும் புரியாமல் நிற்கும் அந்தக் கட்டத்தில்தான் பலர் பின்தங்குகிறார்கள். குழந்தை தன் தாய்மொழியில் கல்வியைத் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோவின் வல்லுநர் அறிக்கை 1953லேயே சொல்லிவிட்டது. தேர்வும் பாடத்திட்டமும் உள்ள பள்ளி அதற்கு வளைந்துகொடுப்பது கடினம். தேர்வே இல்லாத நூலகத்துக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

ஓசூரில் ஒரு பகுதி நூலகம் முதலில் செய்யவேண்டியது, ஒரே கதையை நான்கு மொழிகளில் வாங்குவது. இது கனவு அல்ல. பிரதம் புக்ஸ் 2004 முதல் ஒரே படக்கதையைப் பல இந்திய மொழிகளில் குறைந்த விலையில் வெளியிடுகிறது. 2015இல் அது தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா, இந்தி எல்லாவற்றிலும் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்களைப் பல ஆண்டுகளாகக் கொண்டுவருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில் இயங்கும் குக்கூ குழந்தைகள் வெளியின் நண்பர்கள் தும்பி என்ற சிறார் இதழை அழகான ஓவியங்களோடு நடத்திக் காட்டினார்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் வெளியிட்ட சிறு புத்தகங்களும் நல்லவை. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிகளில் தொடங்குகின்றன. தமிழ்க் கதையைச் சத்தமாக வாசித்த பிறகு அதே கதையைத் தெலுங்கில் ஒருவர் சொல்லட்டும். முதலில் தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழில் வாசித்தால் இன்னும் நல்லது. கதை என்னவென்று தெரிந்துவிட்ட குழந்தைக்கு எழுத்து மட்டும்தான் புதிது. பாதிச் சுமை இறங்கிவிடுகிறது.

இரண்டாவது விஷயம் நேரம். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் நூலில், ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்ற முதல் விதிக்கு விளக்கமாக அவர் பேசுவது நூலகம் எங்கே இருக்கவேண்டும், எப்போது திறந்திருக்கவேண்டும், இருக்கை எப்படி இருக்கவேண்டும், பணியாளர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்பவற்றையே. பயன்பாடு என்பதை அவ்வளவு நடைமுறையாகப் பார்த்தவர் அவர். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி நடமாடும் நூலகம் தொடங்கியபோது ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். வயல் வேலை முடித்து வரும் உழவரால் நகரத்து நூலகத்துக்கு வரமுடியாது என்பதை அறிந்த முயற்சி அது.

ஓசூரின் நேரத்தைத் தீர்மானிப்பது ஷிப்ட். அதிகாலையில் முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் தாய் வீடு திரும்ப இரவு பத்து தாண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் தாய்க்கும் இடையே ஐந்தாறு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. நைட் ஷிப்ட் பார்த்த தகப்பன் பகலில் அதே அறையில் உறங்குவதால் அங்கே உட்கார்ந்து படிக்கவும் முடியாது. ஆகவே மாலை நாலரை முதல் இரவு ஒன்பது வரையும் ஞாயிறு முழுதும் திறந்திருக்கும் நூலகமே இங்கே நூலகம். அலுவலக நேரத்தில் திறந்து ஆறு மணிக்குப் பூட்டும் இடம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு உதவும். அவர்களுக்கும் அது வேண்டியதே. லைன் வீட்டுப் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

மலைப்பக்கம் போனால் கணக்கு மாறும். ராகி முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகள் வரை வந்து தங்குகின்றன. பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை வெளியே அனுப்ப எந்தத் தாயும் துணியமாட்டாள். அங்கே நூலகம் காலையில் இயங்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ஒரு திண்ணைக்கு வரவேண்டும். கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கம் மாங்கூழ் ஆலைகள் ஓடும் கோடை மாதங்களில் பெண்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பை அந்த மாதங்களில் தொடங்குவது வகுப்பைத் தொடங்காததற்குச் சமம்.

பெரியவர்களின் எழுத்தறிவு என்றதும் நாம் திரும்பிப் பார்க்கவேண்டியது புதுக்கோட்டை. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் வந்தது. எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையில் 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும், ஊரூராக ஆயிரக்கணக்கில் சேர்ந்த இளைஞர்களும் அதை நடத்தினார்கள். கிருஷ்ணகிரியைப் போலவே அதுவும் கல் உடைக்கும் மாவட்டம். குவாரிகளில் கூலிக்கு இருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகை எடுத்தபோது, கணக்கும் கையெழுத்தும் அவர்களுக்கு அன்றாடத் தேவையாகின. கூடவே வந்தது சைக்கிள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றதை இதழாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார். படிக்கக் கற்ற பெண், படித்ததை வைத்துச் செய்ய ஏதோ ஒன்றைப் பெற்றாள் என்பதே அந்த இயக்கத்தின் வெற்றி.

அதன் பிற்பாதியையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். இயக்கத்தின் வேகம் தணிந்ததும் பல ஊர்களில் கற்ற எழுத்து மறக்கத் தொடங்கியது. கையெழுத்து தங்கியது, வாசிப்பு தங்கவில்லை. நெல்லை மாவட்டத்தில் அறிவொளியில் முன்னின்ற எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தன் அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக எழுதினார். பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் புதுக்கோட்டையில் தங்கி ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். வகுப்பறைக்கு அப்பால் எழுத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்ற முடிவுக்கே இவ்வகை அனுபவங்கள் என்னைக் கொண்டு சேர்க்கின்றன. மனுவில் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு அடுத்த நாள் வாசிக்க, பெரிய எழுத்தில் அச்சான, அவள் வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு சிறு புத்தகம் எங்கே கிடைக்கும்? எழுத்தறிவு வகுப்பையும் நூலகத்தையும் தனித்தனித் துறைகளிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே அறையில் நடக்கவேண்டியவை. ஓசூரில் அப்படி ஓர் அறை அமைந்தால் பெண்களுக்கான முதல் பாடம் சம்பளச் சீட்டாக இருக்கட்டும். பிடித்தம் எவ்வளவு, வருங்கால வைப்பு நிதி எவ்வளவு, இஎஸ்ஐ எண் எது என்று தன் கண்ணால் படிக்கும் நாளில் அவளுக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை வரும்.

இடம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. இவ்வளவு பரவலாக ஊர்தோறும் நூலகக் கட்டடம் எழுப்பியது பெரிய காரியம். அவற்றில் பல பின்னாளில் பூட்டிக் கிடந்தன. கட்டடத்துக்கு ஒதுக்கிய அக்கறையை அதைத் திறந்து வைத்திருக்கும் ஆளுக்கு ஒதுக்கவில்லை.

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு ஒன்றைப் பார்க்கலாம். கர்நாடகம் 2019இல் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் கொண்டுவந்தது. 2020இல் ‘ஓதுவ பெளகு’ என்ற இயக்கத்தில் குழந்தைகளுக்கு இலவச உறுப்பினர் அட்டை கொடுத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த நூலகங்களை அரிவு கேந்திரம் என்ற பெயரில் புதுப்பித்தது. மேற்பார்வையாளர்களின் பணி நேரமும் ஊதியமும் உயர்ந்தன என்பதே இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். கேரளத்தின் வழி இன்னொன்று. பி. என். பணிக்கர் 1945இல் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம், நூலகத்தை ஊர்மக்களிடமே விட்டு அரசிடமிருந்து மானியம் பெறும் முறையை வளர்த்தது. தமிழ்நாட்டில் சட்டம் முதலில் வந்தது, நூலகம் அரசுத் துறையின் கிளையாகவே நின்றுவிட்டது. ஓசூருக்கு இரண்டிலிருந்தும் கொஞ்சம் வேண்டும்: நூலக வரியிலிருந்து ஊதியம், பகுதி மக்களின் குழுவிடம் நிர்வாகம்.

தன்னார்வலர்களைக் கொண்டு சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் காட்டுவார்கள். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் அது தொடங்கியபோது, முதலில் நடந்த பன்னிரண்டு மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. பிள்ளைகள் வாழும் தெருவிலேயே, மாலை நேரத்தில், தெரிந்த அக்கா ஒருவர் கற்றுக்கொடுத்தார். இடமும் நேரமும் ஆளும் பொருந்திவந்த அரிய திட்டம் அது. அந்த அக்காவுக்கு மாதம் 1000 ரூபாய். பேரிடர் காலத்தில் அது சரி. ஆண்டுக்கணக்கில் ஒரு பெண்ணின் உழைப்பை அந்தத் தொகைக்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை. பக்கத்து ஆலையில் அதைவிடப் பலமடங்கு கிடைக்கும்போது அவர் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். ஓசூரில் அந்தப் பணத்துக்குப் பஞ்சமில்லை. அது வகுப்பறை, கணினி, வண்ணச் சுவர் என்று கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே வருகிறது. ஒரு நூலகருக்கு ஐந்தாண்டுச் சம்பளம் என்று எழுதிக்கொடுக்கும் நிறுவனம் கல்வெட்டு எதையும் திறக்க முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய உதவியும் இல்லை.

உறுப்பினர் சேர்க்கையில் ஒரு வார்த்தை. முகவரிச் சான்று கேட்டால் லைன் வீட்டுக் குடும்பம் திரும்பிப் போய்விடும். ஆதார் அட்டையில் இருப்பது ஒடிசாவிலோ பீகாரிலோ உள்ள ஊர். தில்லியில் எழுத்தாளர் மிருதுளா கோஷியும் தோழர்களும் நடத்தும் கம்யூனிட்டி லைப்ரரி புராஜெக்ட், ஷேக் சராய், கிர்க்கி போன்ற பகுதிகளில் கட்டணமின்றி எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது. சில புத்தகங்கள் திரும்ப வராது. கிழியும், தம்பி தங்கை கையில் கிறுக்கல் விழும். அதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைப்பதே முறை. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கும் புத்தகத்தால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

எழுத்துக்கு அந்நியமான ஊர் அல்ல இது. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆதவன் தீட்சண்யாவும் பா. வெங்கடேசனும் ஓசூரில் வாழ்ந்து எழுதுகிறவர்கள். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையமும் திருச்சிக்கு மாபெரும் நூலகமும் அறிவிக்கப்பட்டன. ஓசூருக்கும் அப்படியொரு பெரிய நூலகம் கேட்கலாம், தவறில்லை. எனினும் முதலில் கேட்கவேண்டியது வார்டுக்கு ஓர் அறையும், இரவு ஒன்பது வரை அங்கே இருக்கும் ஊதியம் பெறும் ஒருவரும்.

அவருக்குத் துணையாக இந்த ஊரிலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியின் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அவர்கள். தமிழும் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் வீட்டு மொழியும் தெரிந்தவர்கள். அவர்களிடம் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு மாலை, உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு கதையை இரண்டு மொழிகளில் வாசித்துக் காட்டுங்கள். அறை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.